நிற்காத கட்டைவிரல்: தேங்க்ஸ்கிவிங் விருந்தில் 'ஆலிஸ் ரெஸ்டாரன்ட்' பாடும் முறை

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி கூறும் பண்டிகை. அன்று நண்பகல் 12 மணிக்கு ஒரே பாட்டை முழுசாக ஒலிபரப்பும் பழக்கம் அங்கே பல வானொலி நிலையங்களுக்கு உண்டு. அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் ஆர்லோ கத்ரியின் 'ஆலிஸ் ரெஸ்டாரன்ட்' தான் அந்தப் பாட்டு. 1967-ல் இசைத்தட்டாக வந்தது. நீளம் 18 நிமிடம் 34 விநாடி. தட்டின் முதல் பக்கம் முழுவதையும் இது ஒன்றே அடைத்துக்கொண்டது. அதில் பாடுவது கொஞ்சம், மற்றதெல்லாம் பேச்சு. குப்பை கொட்டி மாட்டிக்கொண்ட ஓர் இளைஞனின் கதையாகத் தொடங்கி, வியட்நாம் போருக்கு ஆள் பிடித்ததைக் கேலி செய்யும் எதிர்ப்புப் பாட்டாகப் போய் முடியும்.

கிடார் கொஞ்சம் வாசிக்கத் தெரிந்த எவருக்கும் இதை விருந்தில் பாடிவிடலாம் என்று தோன்றும். ஐந்தாறு கார்ட், மேலே பேச்சு, வேறென்ன? ஆனால் பாதியில் கவிழ்கிறவர்களில் கதையை மறந்து கவிழ்கிறவர்கள் குறைவு. கை நின்றுபோய்க் கவிழ்கிறவர்கள்தான் அதிகம். ஆகவே தயாரிப்பில் முக்கால் பங்கு நேரத்தைக் கைக்குக் கொடுங்கள். குறைந்தது ஆறு வாரம் வேண்டும். அக்டோபர் பிறந்ததும் ஆரம்பித்தால் சரியாக இருக்கும்.

ஒரு சுற்று

பாட்டு முழுவதற்கும் ஒரே சுற்றுதான். பல்லவி பாடும்போது வாசிப்பதையே பேச்சுக்கு அடியிலும் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். 'சி' சுருதியில், தொடக்கக்காரர்களுக்கு ஏற்ற எளிய வடிவம் இது. ஒவ்வொரு வரியும் நான்கு பார் (கீழே | குறி பிரித்துக் காட்டும் தாள அளவு):

முதல் வரி: சி | ஏ7 | டி7, ஜி7 | சி
இரண்டாம் வரி: சி | ஏ7 | டி7, ஜி7 | சி, சி7
மூன்றாம் வரி: எஃப் | எஃப் | டி7 | ஜி7
நான்காம் வரி: சி | ஏ7 | டி7, ஜி7 | சி

மொத்தம் 16 பார். ஒரு பாருக்குக் கட்டைவிரல் நான்கு தட்டு. இரண்டு கார்ட் வரும் பாரில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு. ஆக ஒரு சுற்றுக்கு 64 தட்டு. மெட்ரோனோமை (வேகத்தைச் சொடுக்கிக் காட்டும் தாளக் கருவி) 80-ல் வைத்து, ஒரு சொடுக்குக்கு இரண்டு தட்டு வாசித்தால் ஒரு சுற்று 24 விநாடியில் முடியும். பதினெட்டரை நிமிடத்துக்குச் சுமார் 46 சுற்று. கட்டைவிரல் கிட்டத்தட்ட 3000 முறை தந்தியைத் தட்டியாக வேண்டும். இந்த எண்ணிக்கை மனதில் இருந்தால் பயிற்சியை எங்கே தொடங்குவது என்ற கேள்வியே வராது.

கட்டைவிரல் எப்போதும் இரண்டு தந்திகளுக்கு நடுவே மாறி மாறிப் போகும். சி, சி7, ஏ7 மூன்றுக்கும் ஐந்தாம் தந்தி, பிறகு நான்காம் தந்தி. ஜி7-க்கு ஆறும் நான்கும். டி7, எஃப் இரண்டுக்கும் நான்கும் மூன்றும். எஃப் கார்டை, ஆள்காட்டி விரலை ஆறு தந்திக்கும் குறுக்கே கிடத்திப் பிடிக்கும் முழு வடிவத்தில் பிடிக்க வேண்டாம். கீழ் நான்கு தந்திகளை மட்டும் பிடிக்கும் சின்ன வடிவம் போதும். முழு வடிவம் ஒரு முறை, இரண்டு முறை நன்றாகத்தான் ஒலிக்கும். இருபதாவது சுற்றில் இடக்கை பிடித்துக்கொள்ளும், அதோடு கதையும் போகும். சி7-க்கு, சி பிடித்தபடியே சுண்டுவிரலை மூன்றாம் தந்தியின் மூன்றாம் கட்டத்தில் (ஃப்ரெட்) வைத்தால் ஆயிற்று.

வலது உள்ளங்கையின் ஓரத்தைச் சேடிலின் (கிடாரின் உடல் பக்கம் தந்திகளைத் தாங்கும் மெல்லிய கட்டை) மேல் லேசாகச் சாய்த்து வைத்து, தடித்த தந்திகளை அரைகுறையாக அமுக்குங்கள். 'டும் டும்' என்று நீளாமல் 'டப் டப்' என்று அறுந்து ஒலிக்க வேண்டும். இதை அழகுக்காகச் சொல்லவில்லை. அமுக்காத பேஸ் உங்கள் பேச்சுக்குரலின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். மைக் இல்லாத அறையில் கடைசி நாற்காலிக்காரருக்குச் சொல் புரியாது.

கையையும் வாயையும் பிரிப்பது

முதல் வாரம் கட்டைவிரல் மட்டும். மெட்ரோனோம் 50-ல். மற்ற விரல்கள் தந்தியைத் தொடவே கூடாது. இரண்டாம் வாரம் ஒவ்வொரு பாரின் முதல் தட்டோடு நடுவிரலால் முதல் தந்தியைச் சேர்த்துக் கிள்ளுங்கள். மூன்றாம் வாரம் இரண்டாம் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் இடையில் ஆள்காட்டி விரலால் இரண்டாம் தந்தி ஒன்று. துள்ளல் பிறப்பது இந்த இடைத்தட்டில்தான். இதற்கு மேல் அலங்காரம் எதுவும் வேண்டாம். பேச்சுக்கு அடியில் ஓடும் வாசிப்பு கவனத்தை இழுத்தால் அது கெட்ட வாசிப்பு.

நான்காம் வாரம்தான் உண்மையான சோதனை. வாசித்துக்கொண்டே பேசுங்கள், ஆனால் இந்தக் கதையைப் பேசாதீர்கள். மருந்துப் பெட்டியில் இருக்கும் துண்டுக் காகிதத்தை எதிரே வைத்து உரக்கப் படியுங்கள். தாளத்துக்குச் சற்றும் ஒத்துவராத, சலிப்பூட்டும் உரைநடையாக இருப்பதுதான் வசதி. அதைப் படிக்கும்போது கை நிற்காவிட்டால் எதைப் பேசினாலும் நிற்காது.

இந்தக் கட்டத்தில் மூன்று கோளாறுகள் வரும். ஒன்று, பேச்சு தாளத்துக்குள் விழுந்து பாட்டுப் போல ஆகிவிடும்: ஒவ்வொரு சொல்லும் தட்டின் மேல் வந்து உட்காரும். கேட்பவருக்கு இது இரண்டே நிமிடத்தில் அலுத்துவிடும். வேண்டுமென்றே வாக்கியத்தைத் தட்டுக்கு நடுவில் தொடங்கிப் பழகினால் தீரும். இரண்டு, சிரிப்பு வரும் இடம் நெருங்கும்போது கை வேகமெடுக்கும். மனம் முன்னால் ஓடுவதால் வருவது இது. அந்த இடங்களை மட்டும் மெட்ரோனோமை 70-க்கு இறக்கி, பத்துப் பத்து முறை சொல்லிப் பழகுங்கள். மூன்று, கூட்டம் சிரித்ததும் கை நின்றுவிடும். வீட்டில் தனியாகப் பழகும்போது இது தெரியவே தெரியாது. யாராவது ஒருவரை எதிரில் உட்காரவைத்து, எதிர்பாராத நேரத்தில் குறுக்கே பேசச் சொல்லுங்கள்.

வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது எதுவும் புதிதாக இருக்காது. புலவர் கதைக்குள் எவ்வளவு தூரம் போனாலும் வில்லும் குடமும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். 'ஆமா' போடுகிறவர் இடம் பார்த்துப் போடுவார். ஒரே ஒரு வித்தியாசம், இங்கே உங்களுக்கு 'ஆமா' போட ஆள் கிடையாது. அந்த இடத்தில் சும்மா இரண்டு பார் கிடாரை ஓடவிடுங்கள்.

கதையை எப்படிப் பிரித்து வைத்துக்கொள்வது

சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சொல் தவறினால் பின்னால் வரும் அத்தனையும் சரியும். கதையை எட்டுக் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1. ஆலிஸ் யார், உணவகம் எது, பல்லவி.
2. பழைய தேவாலயத்தில் தேங்க்ஸ்கிவிங் விருந்து; சேர்ந்து கிடக்கும் குப்பையை வேனில் ஏற்றுதல்.
3. விடுமுறைக்காகக் குப்பைமேடு மூடியிருத்தல், சரிவில் கொட்டுதல்.
4. குப்பைக்குள் கிடந்த உறை, போலீஸ் அதிகாரி ஓபி, கைது.
5. நீதிமன்றம், புகைப்படங்கள், பார்வையற்ற நீதிபதி.
6. நியூயார்க் ஒயிட்ஹால் தெருவில் ராணுவ ஆள்சேர்ப்புச் சோதனை.
7. 'குரூப் டபிள்யூ' பெஞ்ச்: குற்றப் பதிவு உள்ளவர்களை உட்காரவைக்கும் இடம். குற்றம் செய்தவர் திருந்திவிட்டாரா என்ற கேள்வி.
8. கேட்பவர்கள் என்ன செய்ய வேண்டும். எல்லோரும் சேர்ந்து பல்லவி.

ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் இருக்கிற திருப்பம்தான் பாட்டின் உயிர். இதுவரை சொன்னதைச் சொல்வதற்காக நான் வரவில்லை என்று பாடகர் சாவகாசமாக அறிவிப்பார். ஏறக்குறையப் பாதி தூரம் வரை போர் என்ற பேச்சே கிடையாது. இந்த இடத்தில் குரலை மாற்றாதீர்கள். 'இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன்' என்ற கனம் தொனியில் ஏறினால், கேட்பவர் சொற்பொழிவு வரப்போகிறது என்று தயாராகிவிடுவார். குப்பையைப் பற்றிப் பேசிய அதே சோம்பல் தொனியிலேயே ராணுவத்தையும் பேச வேண்டும். குப்பை கொட்டித் தண்டனை வாங்கியவனுக்குப் போரில் ஆட்களைக் கொல்ல ஒழுக்கத் தகுதி இருக்கிறதா என்று ஓர் அரசு அலுவலகம் முறைப்படி விசாரிக்கிறது. இதற்கு மேல் விளக்கம் சொன்னால் எல்லாம் போச்சு. கோபமும் கூடாது. கோபப்பட வேண்டியவர்கள் கேட்பவர்கள். அதை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

27 புகைப்படங்கள் வரும் இடத்துக்குத் தனிப் பயிற்சி தேவை. எட்டுக்குப் பத்து அங்குலம், வண்ணம், பளபளப்பு, வட்டமும் அம்புக்குறியும், பின்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி விளக்கம் என்று நீளும் அந்த அடுக்கு கதையில் பலமுறை வருகிறது. ஒவ்வொரு முறையும் அதே வரிசை, அதே வேகம், ஒரே மூச்சு. முதல் முறை கூட்டம் சிரிக்காது. மூன்றாம் முறை, நீங்கள் தொடங்கும்போதே சிரிக்கும். நடுவில் ஒரு சொல்லை மாற்றினாலும் அந்தக் கூட்டல் கலைந்துவிடும். மூச்சு போதவில்லை என்றால் அதற்கு முந்தைய வாக்கியத்தைச் சுருக்கி, இரண்டு தட்டு இடம் விட்டு, மூச்சை நிறைத்துக்கொண்டு ஏறுங்கள். அடுக்கின் நடுவே மூச்சு வாங்கக் கூடாது.

ஓபியை முட்டாளாக நடித்துக் காட்டுவது பலர் செய்யும் பிழை. நிஜத்தில் அவர் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்டாக்பிரிட்ஜ் ஊரின் போலீஸ் தலைவர் வில்லியம் ஓபன்ஹைன். 1969-ல் ஆர்தர் பென் இயக்கத்தில் இந்தக் கதை படமானபோது ஓபியாக அவரே நடித்தார். நீதிபதி ஜேம்ஸ் ஹானனும் அப்படியே. குப்பைக்கு 27 படம் எடுக்கும் அளவுக்குக் கடமையில் கறாரான மனிதர் என்று சொன்னாலே போதும். கோமாளிக் குரல் வைத்தால் சட்டத்தின் அபத்தம் போய் ஒரு ஆளின் அபத்தமாகச் சுருங்கிவிடும்.

நடந்த சம்பவத்துக்கும் பாட்டுக்கும் சில இடங்களில் பொருந்தாது. 1965 தேங்க்ஸ்கிவிங்கை ஒட்டிய அந்த வழக்கில் ஆர்லோவுக்கும் நண்பருக்கும் ஆளுக்கு 25 டாலர் அபராதம், பாட்டில் 50. ஆலிஸ் பிராக் நடத்திய உணவகத்தின் பெயரும் 'ஆலிஸ் ரெஸ்டாரன்ட்' அல்ல. 'த பேக் ரூம்'. விவரம் தெரிந்தவர்கள் இடையில் நிறுத்தித் திருத்தம் சொல்லத் துடிப்பார்கள். பாட்டில் உள்ளபடியே சொல்லுங்கள். திருத்தங்களைச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

மொழியும் கூட்டமும்

தமிழர்கள் கூடும் விருந்தென்றால் கதையைத் தமிழில் சொல்லி, பல்லவியை மட்டும் ஆங்கிலத்திலேயே பாடுவது நன்றாக எடுபடும். பல்லவியை மொழிபெயர்க்க முயல வேண்டாம்; அசைகள் மெட்டில் உட்காராது, கூட்டமும் சேர்ந்து பாடாது. கதைத்தமிழ் பேச்சுத்தமிழாகவே இருக்கட்டும். 'குப்பைகளைக் கொட்டினோம்' என்று எழுத்து நடையில் ஆரம்பித்தால் முதல் நிமிடத்திலேயே செய்தி வாசிப்பது போலாகிவிடும். எண்ணிக்கைகள், அலுவலகப் பெயர்கள், படிவத்தின் தலைப்புகள் ஆகியவற்றை மட்டும் அதிகாரப்பூர்வ நடையில் சொல்லுங்கள். அந்த இரண்டு நடைகளும் உரசும் இடத்தில் நகைச்சுவை தானாக வரும்.

இளையவர்கள் இருந்தால், தொடங்கும் முன் ஒரே வாக்கியத்தில் பின்னணி சொல்லிவிடுங்கள்: அமெரிக்காவில் 1973 வரை இளைஞர்களைக் கட்டாயமாக ராணுவத்துக்கு எடுக்கும் முறை இருந்தது, தகுதியில்லாதவர் என்று முத்திரை விழுந்தால் தப்பிக்கலாம். இது தெரியாவிட்டால் ஒயிட்ஹால் தெருப் பகுதி முழுக்கப் புரியாமல் போகும். இதற்கு மேல் வரலாற்று வகுப்பு வேண்டாம்.

மூலத்தில் இரண்டு இடங்களை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். கடைசிப் பகுதியில் தன்பால் ஈர்ப்பாளர்களைக் குறிக்கும் ஓர் இழிசொல் வருகிறது. பிற்காலக் கச்சேரிகளில் ஆர்லோவே அந்த இடத்தை மாற்றிப் பாடினார். அதை விட்டுவிடுங்கள், சிரிப்பு குறையாது. இன்னொன்று, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கொடூரக் குற்றவாளிகளின் பட்டியல். குழந்தைகள் இருந்தால் அந்தப் பட்டியலைப் 'பயங்கரமான ஆட்கள்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அவர்கள் குப்பைக் குற்றத்தைக் கேட்டதும் விலகி உட்காரும் இடத்துக்குப் போய்விடலாம்.

வீட்டு விருந்தில் பாடுவதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வாடகை மண்டபத்தில் நுழைவுக் கட்டணத்தோடு நடக்கும் நிகழ்ச்சி என்றால், பொது நிகழ்த்துதலுக்கான இசை உரிமம் அந்த மண்டபத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். தமிழாக்கத்தைப் பதிவு செய்து வெளியிடுவது வேறு விஷயம்; பாட்டு காப்புரிமையில் இருக்கிறது, மொழிபெயர்ப்புக்குத் தனி அனுமதி வேண்டும்.

நேரம்: பிரதான சாப்பாடு முடிந்து, 'பை' (pie) என்ற இனிப்புப் பண்டம் பரிமாறும் முன். சாப்பிடும்போது பாடினால் தட்டுச் சத்தத்தில் சொல் கேட்காது. இனிப்பும் முடிந்த பிறகென்றால் பாதிப் பேர் சோபாவில் தூங்கியிருப்பார்கள். 18 நிமிடம் தாங்காத கூட்டம் என்று தோன்றினால் 10 நிமிடமாகச் சுருக்கலாம். கைதானதும் சிறை அறையில் நடக்கும் பேச்சையும், ஒயிட்ஹால் தெருவின் உடல் பரிசோதனை விவரங்களையும் வெட்டுங்கள். உறை, புகைப்படம், நீதிபதி, பெஞ்ச் இவற்றைத் தொடாதீர்கள். குப்பைப் பகுதியையே குறுக்கிவிட்டு 'முக்கியமான' ராணுவப் பகுதிக்குத் தாவுகிறவர்கள் உண்டு. பெஞ்சில் வெடிக்க வேண்டிய வெடிக்கு மருந்து அடைப்பது குப்பைப் பகுதிதான்.

கூட்டத்தைப் பாடவைப்பது

கிடாரில் அந்த இடம் சுற்றி வரும்வரை காத்திருக்கச் சொல்லி, வந்ததும் எல்லோரையும் சேர்ந்து பாடவைப்பது பாட்டிலேயே உள்ள உத்தி. 40-க்கும் மேற்பட்ட முறை அதே சுற்றைக் கேட்டவர்களுக்கு அது எப்போது வரும் என்று காதுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் தெரியாது, ஏனென்றால் அவர்கள் கேட்டது உங்கள் பேச்சைத்தான். அதனால் சுற்று தொடங்கும் இடத்துக்கு ஓர் அடையாளம் வையுங்கள்: நான்காம் வரியின் கடைசி பாரில், முதல் தட்டுக்கு அடுத்து, ஆறாம் தந்தி மூன்றாம் கட்டம், ஐந்தாம் தந்தி வெறுமையாக, ஐந்தாம் தந்தி இரண்டாம் கட்டம் என்று ஏறி, அடுத்த சுற்றின் முதல் தட்டில் ஐந்தாம் தந்தி மூன்றாம் கட்டத்தில் இறங்குங்கள். அதோடு தலையையும் ஓர் அசைப்பு. இந்த ஏற்றத்தைத் தொடக்கத்திலிருந்தே கதையின் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் வாசித்து வந்தால், கதையின் எட்டாம் கட்டத்தில் கூட்டம் தானாக மூச்சை இழுக்கும்.

முதல் முறை சத்தம் பலவீனமாகத்தான் வரும். அதைக் கிண்டலடித்துவிட்டு இன்னும் இரண்டு சுற்று பேசி, மறுபடி பாடவையுங்கள். மூலத்திலும் அப்படித்தான். சுருதி எட்டவில்லை என்று முகங்கள் சுளித்தால் கேப்போவை (சுருதியை ஏற்றக் கிடாரின் கழுத்தில் மாட்டும் கவ்வி) அந்த நேரத்தில் நகர்த்தாதீர்கள். கேப்போ எந்தக் கட்டம் என்பதை முந்தைய நாளே நான்கு பேரைப் பாடவைத்து முடிவு செய்ய வேண்டும். ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்துக்கு, கேப்போ இல்லாமலோ இரண்டாம் கட்டத்திலோ வைத்து முயன்று பாருங்கள்.

தந்தி புதிதாக மாட்டுவதென்றால் விருந்துக்கு மூன்று நாள் முன்பே மாட்டி, இழுத்து இழுத்துச் சுருதி நிற்க வைத்துவிடுங்கள். அன்று காலையில் மாட்டிய தந்தி, கை சூட்டில் பத்தாவது நிமிடத்தில் இறங்கும். இறங்கினாலும் நிறுத்திச் சுருதி சேர்க்க வழியில்லை. ஒரு கையால் முறுக்காணியைத் திருப்பினால் கட்டைவிரல் ஓடும், ஆனால் கார்ட் போய்விடும். ஆறாம் தந்தி என்றால் மட்டும், சி கார்ட் ஓடும் நேரத்தில் அதைத் தொடாமலே சமாளிக்கலாம்.

கடைசிச் சுற்றில் வேகத்தைக் குறைக்க வேண்டியது நான்காம் வரியின் டி7-ல்தான். அதற்கு முன் இழுத்தால் கூட்டம் குழம்பி இரண்டாகப் பிரியும். டி7-ல் இரண்டு தட்டு அரை வேகத்தில், ஜி7-ல் இரண்டு தட்டு இன்னும் தாமதமாக, பிறகு சி-யில் எல்லாத் தந்தியையும் ஒரே இழுப்பு. உள்ளங்கையைச் சேடிலிலிருந்து எடுத்துவிட்டு, அது தானாக அடங்கும்வரை விடுங்கள்.